மூன்றாவது பீப்பாய்

வேங்கிக்காலில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் என் மகள் சத்துமாவு செய்கிறாள் என்றே மூன்று வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. "பெங்களூர்ல ஒரு மால்ட் கம்பெனில குவாலிட்டி பாக்குறா" என்று சொன்னேன். தென்றல் என்னிடம் சொன்ன வார்த்தையும் அதுதான். எங்கள் பக்கத்தில் மால்ட் என்றால் ராகி மால்ட், பீட்ரூட் மால்ட். பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றாது.

எதிர் வீட்டு ஜோதியம்மாள் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள்.

"பேத்திக்கு வெயிட்டே ஏற மாட்டேங்குது கஸ்தூரி. உன் பொண்ணு வர்றப்ப ரெண்டு டப்பா எடுத்துக்கினு வரச் சொல்லேன். கம்பெனி சரக்குன்னா நல்லாருக்கும்ல?"

"சொல்றேன்க்கா" என்பேன். அவள் சொன்ன 'சரக்கு' என்ற சொல் உள்ளே உறுத்தும். வெளியே சிரிப்பேன்.

நான் நம்பினேனா, நம்பினால் நல்லது என்று இருந்துவிட்டேனா என்று இப்போது யோசித்தால், இரண்டாவதுதான். முதல் வருடம் அவள் ஊருக்கு வந்தபோதே துவைக்கப் போட்ட துணியில் ஈரத் தானியத்தின் வாசனை இருந்தது. முளைகட்டி, வறுத்து, வெந்நீரில் ஊறிய தானியம். அதற்கு அடியில் நுரைத்த ஒரு வாசனை. சத்துமாவு நுரைக்காது. எனக்குத் தெரியாத வாசனை ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்கவில்லை. மால்ட் என்ற சொல்லில் நாங்கள் இருவரும் உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்துகொண்டோம்.

என் வேலையே மோந்து பார்ப்பதுதான். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் பத்தொன்பது வருடங்களாக டெஸ்ட் மேசையில் இருக்கிறேன். காலை ஐந்தரைக்குக் கேன்கள் வரும். மூடியைத் திறந்த உடனே மேலே எழும் ஆவியை மோந்து பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்ப வேண்டும். இன்னும் சந்தேகமிருந்தால் சோதனைக் குழாயில் பாலும் ஸ்பிரிட்டும் சமமாக ஊற்றிக் கவிழ்ப்போம். திப்பி கட்டினால் கேன் திரும்பிப் போகும். ஆனால் குழாயில் திப்பி கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். பால் அப்போது கெட்டிருக்காது. கெடலாமா என்று இருக்கும். அதற்கு நானாக ஒரு வார்த்தை வைத்திருந்தேன். பால் யோசிக்குது.

"கஸ்தூரி, என் பால் யோசிக்குதா, தூங்குதா?" என்று பலராமன் அண்ணன் கேலி செய்வார். இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் மனிதர். என் சொந்த ஊர்க்காரர். "கலெக்டர் ஆபீஸ்ல கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்கம்மா."

"யோசிக்குதுண்ணா. திருப்பி எடுத்துக்கினு போங்க. வீட்ல பன்னீர் பண்ணிக்குங்க."

"அண்ணன்னு கூப்புட்டுக்கினே கழுத்தறுக்குற பாரு."

அவர் திட்டிக்கொண்டே எடுத்துப் போவார். நான் இந்த மேசையில் ஒரு கேனைக்கூடத் தெரிந்து தவறாக உள்ளே விட்டதில்லை. எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த ஒன்றுதான்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை தென்றல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் நடந்தே வந்திருந்தாள். பையிலிருந்து நான்கு சின்ன பாட்டில்களை எடுத்து, ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு வைத்தாள். இருமல் மருந்து பாட்டில் அளவு. ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதியிருந்தது.

"இன்னாடி இது?"

"நாளைக்குச் சொல்றேன். நீ டியூட்டி முடிச்சிட்டு வா. காபி குடிச்சிட்டு வராத. வரும்போது எதுவும் சாப்பிடாத."

மறுநாள் பத்து மணிக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலில் மலை தெளிவாகத் தெரிந்தது. அவள் ஹால் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். மேசைமேல் நான்கு கண்ணாடி டம்ளர்கள். பாட்டில்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி ஆகியிருந்தது போல. வெளியே பூத்திருந்த நீர் காய்ந்துவிட்டிருந்தது.

"ம்மா, நான் எங்க வேலை செய்யறேன்னு உனக்குத் தெரியும்தானே?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பீர் கம்பெனி. பெரிய கம்பெனி இல்ல. நாங்களே காய்ச்சி நாங்களே பாட்டில்ல அடைக்கிறது. பதினோரு பேரு."

"மால்ட்டுன்ன."

"மால்ட்லதான் பண்றாங்க. பார்லி மால்ட்டு."

"ஜோதியம்மா அவ பேத்திக்கு ரெண்டு டப்பா கேட்டா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகு இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவள் சொன்னாள். இது சாதாரண பீர் இல்லை. ஏல் என்று பெயர். ("ஏலக்காய் போட்டதா?" என்று கேட்டேன். "இல்லம்மா, பேரே அதுதான்.") கெட்டியாக, கனமாகக் காய்ச்சி, விஸ்கி வைத்திருந்த பழைய ஓக் மரப் பீப்பாய்களில் எட்டு மாதம் ஊறவைத்தது. மரத்தில் ஊறியிருந்த விஸ்கி பீருக்குள் இறங்கும். பீர் மரத்துக்குள் போய் வரும். போதை மூன்று மடங்கு ஜாஸ்தி. நான்கு பீப்பாய்கள். பக்குவம் முழுக்க அவளுடையது. எந்த மால்ட் எவ்வளவு, எத்தனை நாள் என்று எல்லாம் அவள் எழுதியது. புதன்கிழமை நான்கையும் ஒன்றாகக் கலந்து பாட்டிலில் அடைக்கப்போகிறார்கள். லேபிளில் கீழே சின்னதாக அவள் பெயர் வரும்.

"இதுல உனக்கு இன்னா பிரச்சினை?"

"ஒரு பீப்பாய் சரியில்லைன்னு எனக்குத் தோணுது."

"தோணுதா, தெரியுதா?"

"அதான்ம்மா. லேப்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு. கிருமி ஒண்ணும் வளரல. மத்த பத்து பேரும் குடிச்சுப் பார்த்துட்டாங்க. சூப்பர்னு சொல்றாங்க. எனக்கு பிரமையாம். ரெண்டு வாரமா நான் கையெழுத்து போடாம நிறுத்தி வெச்சிருக்கேன். முதலாளி சிரிக்கிறாரு. 'தென்றல் மேடம் மூக்குக்கு லீவ் குடுங்க'ங்கறாரு." அவள் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கலந்துட்டா நாலும் போச்சு. பாட்டில்ல போய் ரெண்டு மாசத்துல புளிக்கும். கலக்காம நிறுத்திட்டு, நான் சொன்னது தப்புன்னா இனிமே நான் அங்க வாயைத் தொறக்க முடியாது. எது கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீ பார்த்துச் சொல்லு. இல்ல, எல்லாம் நல்லாருக்குன்னாலும் சொல்லு. நீ சொல்றதை நான் எடுத்துக்கறேன்."

"நான் குடிக்கணுமா?"

"நாக்குல வெச்சுத் துப்பிடு. டெஸ்ட் மேசைல செய்யறதுதானே."

"அது பாலு."

"ம்மா, எனக்கு நம்பறதுக்கு வேற மூக்கு கிடையாது."

இதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கை டம்ளருக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் முருகவேல் குடித்தே போய்ச் சேர்ந்தவர். ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கைத்தொழிலில் கெட்டிக்காரர். ஆறு வருடங்களுக்கு முன் மஞ்சள் பூத்த கண்களோடு போனார். அந்த வாசனையோடு இருபது வருடங்கள் இருந்தவளிடம் என் மகள் இதைக் கேட்கிறாள்.

"உங்கப்பன் செத்த வீட்டுல உக்காந்துக்கினு கேக்கறியேடி."

"அப்பா இருந்திருந்தா அவருகிட்ட கேட்டிருப்பேன்" என்றாள். சும்மா சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது. "நீதான்ம்மா எனக்குக் கத்துக்குடுத்த. ஞாபகம் இல்லையா? 'போய் அப்பாவைக் கட்டிப்புடிச்சிட்டு வா'ன்னு அனுப்புவியே."

ஞாபகம் இல்லாமல் என்ன. அவளுக்கு எட்டு வயதிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் பிள்ளையை அனுப்புவேன். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, மோந்து பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் என்னிடம் சொல்ல வேண்டும். எனக்கு அடுப்படியிலிருந்தே தெரியும். அவளை அனுப்பத் தேவையே இல்லை. ஆனாலும் அனுப்பினேன். நான் மட்டும் அறிந்ததாக இருந்தால் நான் மட்டும்தானே சுமக்க வேண்டும்? இன்னொருத்தி வேண்டியிருந்தது. எட்டு வயதானாலும் இன்னொருத்தி.

பல நாள் அவள் வந்து, "இல்லம்மா, இன்னிக்கு வாசனை இல்ல" என்பாள். என் மூக்கோ 'இருக்கு' என்று சொல்லும். பிள்ளை இல்லை என்கிறது, இன்றைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று சூடாகத் தோசை வார்த்து அவர் பக்கத்தில் உட்காருவேன். என்மேல் இரக்கப்பட்டுப் பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். எத்தனையோ விஷயங்கள் கைவிட்டுப்போன வாழ்க்கையில் அந்தப் பொய் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அப்பாவுக்குத் தெரியும்மா" என்றாள் தென்றல்.

"இன்னா தெரியும்?"

"நான் எதுக்கு ஓடி வர்றேன்னு. தூக்கிக்கினு மூஞ்சில ஊதுவாரு. 'இன்னிக்கு ரிசல்ட் இன்னா மேடம், கேன் உள்ளயா, திருப்பி அனுப்பறதா?'ன்னு கேப்பாரு. உன்னை மாதிரியே மூக்கைச் சுருக்கிக் காட்டுவாரு. நான் இன்னா குடிச்சிருக்காருன்னு கண்டுபுடிக்கணும். ரம்மா, பிராந்தியா. சரியாச் சொன்னா கடலை மிட்டாய். அப்புறம் உங்கிட்ட வந்து இல்லன்னு சொல்லணும். அதான் டீலு." அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அந்த வாசனை புடிக்கும்மா. இதை உங்கிட்ட சொன்னதே இல்ல. குடிக்கறது இல்ல. அந்த வாசனை. அப்பா சட்டைல பீடி, வார்னிஷ், அதுக்கு மேல அது. இந்தப் பீப்பாயை முதல் தடவை தொறந்தப்ப நான் அழுதுட்டேன் தெரியுமா?"

நான் எழுந்து போய் வெந்நீர் வைத்தேன். டெஸ்ட்டுக்கு முன் வாய் கொப்பளிக்க வேண்டும். அது வழக்கம். அடுப்பின் முன் நின்றபோது என் காதில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசலில் அவரும் பிள்ளையும் சிரித்த சத்தம். அப்போதும் கேட்டிருக்கிறேன். அப்பனும் மகளும் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். என்னை மாதிரி மூக்கைச் சுருக்கிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். நான் உள்ளே தோசை வார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவள் எனக்காகப் பொய் சொல்லவில்லை. ஒரு மிட்டாய்க்குச் சொல்லியிருக்கிறாள். இல்லை, மிட்டாய்க்கும் இல்லை. அவருக்காக.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "ஊத்து."

கண்ணாடியில் அது கறுப்பாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் கருஞ்சிவப்பு. மேலே பழுப்பு நுரை கொஞ்சம் வந்து உடனே அடங்கியது. முதல் டம்ளரை மோந்தேன். முருகவேலின் வாசனை வரும் என்று மூச்சைக் கட்டியிருந்தேன். வரவில்லை. வந்தது வெல்லப்பாகு அடிப்பிடித்த வாசனை. பேரீச்சம்பழம். கொஞ்சம் வறுத்த கேழ்வரகு. அதற்குப் பின்னால் புதிதாக இழைத்த கதவின் மரவாசனை. கடைசியில்தான், தூரத்தில், அவர். நாக்கில் வைத்தேன். கசந்தது. சுக்குக் காபியின் கசப்பு இல்லை, மருந்தின் கசப்பும் இல்லை. இனிப்பு முடிந்த இடத்தில் பொறுமையாக ஆரம்பித்து அடி நாக்கில் போய் உட்காரும் கசப்பு. பின்பு தொண்டையில் ஒரு சூடு. துப்புவதற்கென்று அவள் நீட்டிய கிண்ணத்தை நான் வாங்கவில்லை. விழுங்கிவிட்டேன்.

நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபது வருடங்கள் வெறுத்த ஒன்று இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் குடித்தது இது இல்லை, அது வேறு, மலிவானது, எரிப்பது. ஆனாலும் இதில் ஏதோ ஒன்றுக்காகத்தான் அவர் போனார். இதில் ஏதோ ஒன்றைத்தான் என் பிள்ளை சட்டையில் மோந்தாள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் ஐம்பது வயதில் தெரிகிறது.

வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாவது. அதுவும் அப்படியே, மரம் சற்று ஜாஸ்தி. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோகும்போதே தெரிந்துவிட்டது. அவ்வளவு வெல்லத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் அடியில், ஒரு நூல் அளவுக்கு, வெதுவெதுப்பான ஒரு வாசனை. காலை கேன் மூடியைத் திறக்கும்போது வருவது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கூச்சம். புளிப்பு இல்லை. புளிக்கலாமா என்று நிற்பது. நான்காவதை மோந்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி மூன்றாவது. சந்தேகமே இல்லை. பத்து பேருக்கும் தெரியாதது, லேபுக்குத் தெரியாதது என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. என் மூக்கு அப்படியே அவளுக்கு இருக்கிறது.

"இன்னாம்மா?" அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலும் ஒண்ணுதான்" என்றேன்.

"மூணாவது?"

"நல்லாருக்கு."

"யோசிக்கலையா?"

என் வார்த்தையை அவள் எடுத்தபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"இல்ல."

"இன்னொரு தடவை பாரேன். ஓரத்துல ஒரு மாதிரி..."

"எத்தினி தடவை பாக்கறது? அவங்க சொன்னா மாதிரி உனக்கு பிரமைதான்டி."

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அலுவலகம் முழுவதோடும் இரண்டு வாரம் சண்டை போட்டவள். ஆனால் அவள் மூன்றாவது டம்ளரை எடுத்து ஒரு தடவை மோந்தாள். சரியான விடையை மற்றவர்கள் சொல்லிவிட்ட பிறகு தன் விடைத்தாளைப் பார்ப்பதுபோல. பிறகு கீழே வைத்தாள். "சரிம்மா" என்றாள். "அப்ப எனக்குத்தான்." நான்கு டம்ளர்களையும் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். பிற்பகல் பஸ்ஸில் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை டெஸ்ட் மேசையில் இரண்டு கேன்களைத் திருப்பினேன். மூன்று தடவை மோந்து பார்த்தேன். இரண்டுமே நிஜமாகத்தான் கெட்டிருந்தன. என் மூக்கும் நாக்கும் நேர்மையாகத்தான் இருந்தன.

புதன்கிழமை வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு போன் போதும். திங்கள் மாலை எடுத்தேன். அவள் "சொல்லும்மா" என்றாள். "சாப்ட்டியா?" என்றேன். செவ்வாய் எடுத்தேன். மலையில் தீப்பிடித்துக் கொஞ்சம் புல் எரிந்தது, வனத்துறை ஆட்கள் அணைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வார்த்தை வாய்வரை வந்தது. ஏன் சொல்லவில்லை? அவள் அந்த வேலையை விட்டு ஊருக்கு வர வேண்டும் என்றா? அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு தாய் அப்படி நினைப்பது யாருக்கும் புரியும். உண்மை அதுவல்ல. அந்தக் கறுப்புத் தண்ணீரில் அவளும் அவள் அப்பாவும் இருந்தார்கள். நான் இல்லை. அது புளிக்கட்டும் என்று இருந்தது.

புதன் மதியம் அவளே கூப்பிட்டாள். "கையெழுத்து போட்டுட்டேன்ம்மா. கலந்தாச்சு." குரலில் ஒன்றுமில்லை. "நீ சொன்னதுக்கப்புறம் எனக்கே அந்த வாசனை வரலம்மா. மோந்து மோந்து பார்த்தேன். வரவே இல்ல."

சித்திரையில் எல்லாம் தெரிந்தது. கடைகளுக்குப் போன பாட்டில்கள் திறந்தால் நுரை தள்ளிப் பொங்கின. புளித்திருந்தது. திரும்பி வந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டும் வேலையில் அவளும் நின்றாள். அதைப் போனில் விலாவாரியாகச் சொன்னாள். எந்த மாதிரிப் புளிப்பு, நாக்கில் எங்கே, வாசனை எப்படி இருந்தது என்று. நான்கு பீப்பாய்களிலும் எஞ்சியிருந்த மிச்சத்தைச் சோதித்து, மூன்றாவதிலிருந்துதான் பரவியிருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

"நீ சொன்னதுதானேடி அது?" என்றேன். "உனக்குத்தானே முதல்ல தெரிஞ்சுது."

"இல்லம்மா. நான் குத்துமதிப்பா சொன்னது. உனக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? காக்கா உக்காந்துச்சு, பழம் விழுந்துச்சு."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நன்றாக இருந்திருக்கும். முதலாளியும் அவளை அனுப்பவில்லை. அவளேதான் எழுதிக் கொடுத்துவிட்டு வைகாசியில் ஊருக்கு வந்தாள்.

நான் விரும்பியது நடந்தது. மகள் வீட்டில் இருந்தாள். ஜோதியம்மாளிடம், "மால்ட் கம்பெனியை மூடிட்டாங்கக்கா" என்றேன். "நல்ல கம்பெனியாச்சே" என்று அவள் வருத்தப்பட்டாள். தென்றல் காலையில் எழுந்து சமைத்தாள். நான் டியூட்டியிலிருந்து வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் கரண்டியோடு வருவாள். "உப்பு பாரும்மா." உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். குழம்பு, ரசம், கூட்டு, எல்லாவற்றுக்கும். உப்பு சரியாகவே இருக்கும். ஒரு நாள்கூடக் கூடியதில்லை, குறைந்ததில்லை. "சரியாத்தான் இருக்கு" என்றால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் நான் வரத் தாமதமாகிவிட்டது. அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்றேன். "ரசத்துல உப்பு போட்டேனா இல்லையான்னு தெரியல" என்றாள். சுவைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். பார்த்தும் தெரியவில்லையாம்.

ஆடி மாதம் எங்கள் நிலையத்தில் மேசைக்கு இன்னொரு ஆள் தேடினார்கள். மேனேஜர் இளவரசன் சார் என்னிடம், "உங்க பொண்ணு மைக்ரோபயாலஜிதானேம்மா, சும்மாதானே இருக்கு? உங்க மூக்கு அதுக்கும் இருக்கும்ல" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். தென்றல் தரையில் உட்கார்ந்து முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப் பாலையெல்லாம் கெடுக்கவா?" என்றாள். நிமிரவில்லை.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"தென்றல். அந்த மூணாவது பாட்டில் கெட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு பல்லை உரித்துப் போட்டாள், அடுத்ததை எடுத்தாள்.

"தெரிஞ்சா ஏன் சொல்லலையாம்?"

"கோவம்."

"யாரு மேல? என் மேலயா?"

"உன் மேல. உங்கப்பா மேல. நீங்க ரெண்டு பேரும் என்னை வெச்சு சிரிச்சது மேல."

அவள் சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபப்படுவாள், முறத்தைத் தூக்கி எறிவாள், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தேன். சிரிப்புக்கு இல்லை.

"ம்மா, நீயா? செத்துப்போன மனுசன் மேல கோவப்பட்டு, கெட்டதை நல்லதுன்னு சொல்வியா நீ? பலராமன் மாமா மாட்டுக்கு மடி நோவு வந்தப்ப, அவரு அழுதாருன்னு கூடப் பாக்காம கேனைத் திருப்புனவ."

"சத்தியமா சொல்றேன்டி."

"எனக்காகச் சொல்ற. தெரியுது." பூண்டு வாசனை அடிக்கும் கையால் என் முழங்காலைத் தொட்டாள். "பரவால்லம்மா. உனக்கு பீரு பழக்கமில்ல, அன்னிக்கு உனக்குத் தெரியல. அதுல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் உங்கிட்ட கொண்டாந்திருக்கக் கூடாது."

நான் விடவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெல்லத்துக்கு அடியில் நூல் மாதிரி வந்தது. வெதுவெதுப்பு. நாக்கின் இரண்டு ஓரத்திலும் கூச்சம், நுனியில் இல்லை. நான்காவதை மோந்துவிட்டு மறுபடி அதற்கு வந்தது. பார்த்தவளைத் தவிர வேறு யாரும் இப்படிச் சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும்படி சொன்னேன். நீதிபதியின் முன் நிற்பவள்போல மூச்சு வாங்கியது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதெல்லாம் சித்திரைல நான் உங்கிட்ட போன்ல சொன்னதுதானேம்மா" என்றாள். பூண்டுத் தோலைக் கொட்டப் பின்பக்கம் போனாள்.